பத்தாவது கோடு

அந்த அறையில் ஒன்பது பேர் காதை வாடகைக்கு விட்டுப் பிழைத்தார்கள். பெரிய மருத்துவமனையின் நான்காவது மாடி. சர்ஜன்கள் அறுவை சிகிச்சை முடித்த கையோடு, உள்ளே என்ன பார்த்தோம், என்ன செய்தோம் என்று ஒலிப்பதிவில் பேசிவிட்டுப் போவார்கள். அதை ஹெட்போனில் கேட்டு, காலடியில் இருக்கும் பெடலை மிதித்து நிறுத்தி நிறுத்தி, அறிக்கையாக டைப் செய்ய வேண்டும். டாக்டர்கள் மனிதர்களைப் போலப் பேசினால் எளிதான வேலைதான். ஒருவர் பிஸ்கட்டை மென்றுகொண்டே பேசுவார். இன்னொருவர் லிஃப்டில் ஏறியபடி பேசுவார். இவர்கள் குழாய் டாக்டர் என்று பெயர் வைத்திருந்த வயிற்று சர்ஜன், கை கழுவும் குழாயைத் திறந்த பிறகுதான் வாயைத் திறப்பார். குடலும் கல்லீரலும் தண்ணீரோடு அடித்துக்கொண்டு போகும்.

புரியாத இடத்தில் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் நிமிடமும் வினாடியும் குறித்து அனுப்பலாம். அந்த அறிக்கை டாக்டருக்கே திரும்பிப் போகும். அவர் நிரப்பித் தர மூன்று நாளாவது ஆகும். அவருக்கு வருகிற எரிச்சல் சூப்பர்வைசர் தலையில் இறங்கும், சூப்பர்வைசர் அதை ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் டைப் செய்கிறவர்கள் தலையில் இறக்குவார். மாதத்துக்கு ஒன்பது கோடு வரை மன்னிப்பு. பத்தாவது விழுந்தால் அடித்தளத்தில் பழைய ஃபைல் அடுக்கும் அறைக்கு மாற்றல். அங்கே ஜன்னல் கிடையாது, தூசி தாராளம். இதுவரை போன மூன்று பேரும் மேலே திரும்பி வரவில்லை, வேலையை விட்டுத்தான் போனார்கள்.

செவிடிக்கு இந்த மாதம் ஒன்பது ஆகிவிட்டது. போதாக்குறைக்கு அவளுக்கு வீசிங் தொந்தரவு வேறு. ஒரு பழைய ஃபைலைத் தட்டினால் அரை நாள் இழுக்கும்.

அவள் ஒன்றும் செவிடி இல்லை. நான்கு வருஷத்துக்கு முன்னால், சேர்ந்த முதல் வாரத்தில், ஏதோ ஒரு வார்த்தையை மூன்று முறை கேட்டும் பிடிக்க முடியாமல் போய்விட்டது. "வாம்மா செவிடி" என்றாள் பாம்புச்செவி. அன்றிலிருந்து அதுவே பெயராகிவிட்டது. கேண்டீன்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்.

பாம்புச்செவி என்பது அந்த அறையின் மூத்த டைப்பிஸ்டுக்கு மற்றவர்கள் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர். முகத்துக்கு நேரே எல்லோருக்கும் அக்கா. பதினெட்டு வருஷத்தில் ஒரு கோடு போட்டவள் இல்லை. இருமலுக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒளிந்திருக்கும் வார்த்தையைக் காதைப் பிடித்து இழுத்து வந்து நிறுத்திவிடுவாள். மற்றவர்கள் கோடு போடுவதற்கு முன் அவளிடம் போகலாம். ஆனால் அதற்கு அவளே ஒரு வழக்கம் ஏற்படுத்தி வைத்திருந்தாள். கேட்க வந்தவர் அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். அவள் வார்த்தையைக் கண்டுபிடித்துச் சொன்னதும், அதை அறை முழுக்கக் கேட்கும்படி மூன்று முறை உரக்கச் சொல்ல வேண்டும். அதன்பிறகு ரிஜிஸ்டரை எடுத்து, ஃபைல் எண்ணையும் வார்த்தையையும் தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போடுவாள். கையெழுத்து விழுந்துவிட்டால் அது முடிந்த வார்த்தை. சூப்பர்வைசரே மாற்ற முடியாது.

தெரிந்ததைச் சொல்லிக்கொடுப்பவள் நல்லவளாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டமா இருக்கிறது? வார்த்தை ஒன்று கொடுத்தால் வசவு நாலு கொடுப்பாள். பிள்ளை பெற்று வந்தவளை, மாமியாரோடு சண்டை போட்டுவிட்டு வந்தவளை, எவரையும் விட்டதில்லை. அறையும் சிரிக்கும். நாளைக்குத் தனக்கும் ஒரு வார்த்தை தேவைப்படுமே!

அந்தப் பாம்புச்செவியின் கணவருக்குச் சனிக்கிழமை வயிற்றில் ஆபரேஷன் நடந்தது. செய்தவர் குழாய் டாக்டர். கணவர் இரண்டாம் மாடி வார்டில் படுத்திருந்தார். "ஆபரேஷன் முடிஞ்சுது, ரிப்போர்ட் வரட்டும், உக்காந்து பேசலாம்" என்று டாக்டர் சொன்னதை, எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்று அவள் எடுத்துக்கொண்டாள். பதினெட்டு வருஷமாக டாக்டர்கள் பேச்சையே கேட்டுப் பிழைத்தவள், தனக்கென்று வந்தபோது கேட்க விரும்பியதைக் கேட்டுக்கொண்டாள். திங்கட்கிழமை காலை அறை முழுக்கச் சாக்லேட் கொடுத்தாள். செவிடிக்கும் ஒன்று கிடைத்தது.

ஊழியர்களின் வீட்டு ஆட்களுடைய ஃபைலை அறைக்குள் விடக் கூடாது, சூப்பர்வைசரே தன் கேபினில் உட்கார்ந்து டைப் செய்ய வேண்டும் என்பது விதி. சூப்பர்வைசருக்கு இரண்டு விரலில்தான் டைப் வரும். அன்று காலை பாம்புச்செவி வார்டுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, அந்த ஃபைலைச் செவிடியின் கணினிக்குத் தள்ளிவிட்டார்.

"சத்தம் போடாம முடிச்சிடும்மா. பன்னிரண்டு மணிக்கு ரவுண்ட்ஸ். அதுக்குள்ள வார்டுக்குப் போகணும்" என்றார். சத்தம் போடாமல் சொல்ல அவருக்குத் தெரியவில்லை. அறையில் எல்லோருக்கும் கேட்டுவிட்டது, அது யார் ஃபைல் என்பதும் புரிந்துவிட்டது.

செவிடி கேட்டாள். முதல் இரண்டு நிமிடம் தெளிவாக இருந்தது. வயிறு திறக்கப்பட்டது, இரைப்பையில் கட்டி. பிறகு குழாய்ச் சத்தம். நான்கு வினாடி தண்ணீரைத் தவிர வேறு எதுவும் இல்லை. தண்ணீர் நின்றபோது டாக்டர் சொல்லிக்கொண்டிருந்தார்: சதைத் துணுக்கு மட்டும் பரிசோதனைக்கு எடுக்கப்பட்டது, வயிறு அடுக்கடுக்காக மூடப்பட்டது. வேறு எதையும் வெட்டியதாக ஒரு வார்த்தை இல்லை. அறுவை சிகிச்சை அறிக்கை டைப் செய்கிற எவருக்கும் அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். அந்த நான்கு வினாடியில் நோயின் பெயர் இருந்தது, தீர்ப்பு இருந்தது. அது இல்லாமல் அறிக்கை இல்லை.

பன்னிரண்டு தடவை ஓட்டிப் பார்த்தாள். அகராதியைப் புரட்டினாள். வேகத்தைக் குறைத்தாள். தண்ணீர் மெதுவாக ஓடியது, அவ்வளவுதான். கேபினுக்குப் போய், "சார், இதுக்கு மட்டும் கோடு கணக்கு வேணாமே" என்று கெஞ்சினாள்.

"ஒருத்தருக்கு விட்டா ஊருக்கே விடணும்மா. இதை உன்கிட்ட குடுத்ததே விதிக்கு விரோதம். எழுத்துல எதுவும் கேக்காதே" என்றார் அவர்.

செவிடி தன் இடத்துக்கு வந்து யோசித்தாள். கோடு போட்டால் தனக்கு அடித்தளம். போடாவிட்டால், கேட்க வேண்டிய ஒரே ஆள் கேட்கவே கூடாத ஆள். கடைசியில் ஒரு வழி தோன்றியது. அந்த நான்கு வினாடியை மட்டும் தனியாக வெட்டி எடுத்தாள். முந்தின வாரம் முடித்த வேறொரு நோயாளியின் ஃபைல் எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டாள். ரிஜிஸ்டருக்கு அந்த எண்ணைச் சொல்லிவிட வேண்டியது. அக்காவுக்கு இப்போது தெரிய வேண்டாம், டாக்டர் வாயால் தெரிந்துகொள்ளட்டும். தன்னால் முடிந்த இரக்கம் இதுதான் என்று நினைத்தாள். உண்மையாகவே நினைத்தாள், அதில் பொய் இல்லை.

பதினொன்றரைக்குப் பாம்புச்செவி வார்டிலிருந்து திரும்பி வந்தாள். முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி. "ரெண்டு வாய் கஞ்சி குடிச்சாரு" என்று பொதுவாக அறிவித்துவிட்டு உட்கார்ந்தாள். செவிடி போய்ப் பக்கத்தில் நின்றாள்.

"வந்துட்டியா? இன்னும் காணோமேன்னு பாத்தேன். எத்தனை வினாடி?"

"நாலுக்கா."

"குழாயா?"

"ஆமாக்கா."

ஜன்னலோரத்தில் இருந்தவர் தேவையில்லாமல் இருமினார். மற்ற விசைப்பலகைகள் ஒவ்வொன்றாக நின்றன. பாம்புச்செவி அதைத் தன் வித்தைக்குக் கிடைத்த மரியாதையாக எடுத்துக்கொண்டாள். ஹெட்போனை மாட்டி, கண்ணை மூடி, ஒரு முறை கேட்டாள். இரண்டாவது முறை பாதியிலேயே நிறுத்திவிட்டாள்.

"அட, இதுகூடவா? பெரிடோனியல் கார்சினோமட்டோசிஸ். அன்ரிசெக்டபிள்." ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினாள். "வயித்து உள்சவ்வு முழுக்கப் புற்று தூவிக் கிடக்குது, அறுத்தெடுக்க வழியில்லைன்னு சொல்றார். திறந்து பாத்துட்டு அப்படியே மூடியிருப்பாரு. பாவம், எந்தக் குடும்பமோ. மிஞ்சிப்போனா ரெண்டு மாசம். ம், சொல்லு."

செவிடி நகரப் பார்த்தாள். "தெரிஞ்சிடுச்சுக்கா, போய் டைப் பண்ணிடறேன்."

"அதெப்படி? வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல. சொல்லு."

சொன்னாள். முணுமுணுப்பாகத்தான் வந்தது.

"வாயில என்ன, கொழுக்கட்டையா? அந்தக் கடைசி நாற்காலிக்குக் கேக்கணும்."

இரண்டாம் முறை கொஞ்சம் உரக்கச் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. அறை சிரிக்காதது பாம்புச்செவிக்கு என்னவோ போல இருந்தது. கடையில் சரக்கு போகாவிட்டால் வியாபாரி விலையைக் குறைப்பான், இவள் காரத்தைக் கூட்டினாள்.

"இவ வீட்டுக்காரன் சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டான்னு எல்லாரும் பேசுறாங்க. பாவம், அவன் சொல்லிட்டுத்தான் போயிருப்பான். இவளுக்குத்தான் கேட்டிருக்காது."

அப்போதும் யாரும் சிரிக்கவில்லை. செவிடிக்குக் காது மடல் சூடாகியது. வீட்டுக்காரன் போய் ஏழு மாதம். மகளிடம் வெளியூர் வேலை என்று சொல்லி வைத்திருக்கிறாள். இந்த அறையில் ஒரே ஒருத்தியிடம் ரகசியமாகச் சொல்லி அழுதது, இப்படி ஒன்பது பேருக்கும் பொதுச்சொத்தாகிவிட்டது. நான்கு வருஷமாக விழுங்கியதெல்லாம் தொண்டைக்கு ஏறியது. நிமிர்ந்து, கடைசி நாற்காலியென்ன, வராண்டாவுக்கே கேட்கும்படி மூன்றாம் முறை சொன்னாள்.

"பெரிடோனியல் கார்சினோமட்டோசிஸ்! அன்ரிசெக்டபிள்!"

"அப்படி வா வழிக்கு" என்று பாம்புச்செவி ரிஜிஸ்டரை இழுத்தாள். வார்த்தையை எழுதினாள். கையெழுத்தைப் போட்டாள். "நம்பர்?"

துண்டுச் சீட்டு செவிடியின் உள்ளங்கையில் இருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை.

"ஆறு" என்றாள். "ரெண்டு. ஒன்பது. ஒன்பது."

பாம்புச்செவி எழுதினாள்.

"நாலு."

பேனா அந்த நாலைப் போட்டுவிட்டு நின்றது. பத்து நாளாக மருந்துக் கவுண்டரிலும் ரத்தப் பரிசோதனையிலும் ஸ்கேன் வாசலிலும் அவள் சொல்லிச் சொல்லி வாய் பழகிய எண் அது. கடைசி இலக்கத்தை யாரும் சொல்லவில்லை. அவளே எழுதினாள். ஒன்று.

நிமிர்ந்து சூப்பர்வைசரின் கேபினைப் பார்த்தாள். அவர் கதவைச் சாத்திக்கொண்டார். பிறகு ஹெட்போனை மாட்டி மறுபடியும் கேட்டாள். வேகத்தைக் குறைத்துக் கேட்டாள். ஒலியைக் கூட்டிக் கேட்டாள். வேறு வார்த்தையாக இருக்கக் கூடாதா என்று தண்ணீருக்குள் துழாவினாள். அவள் காது அவளுக்குத் துரோகம் செய்ய மறுத்தது.

"எனக்குச் சரியாக் கேக்கலடி" என்றாள். அந்த அறை அவள் வாயிலிருந்து கேட்டிராத பேச்சு. "கோடு போட்டு விட்டுடு."

செவிடி துண்டுச் சீட்டை மடித்தாள்.

"மூணு நாள்தான்டி. டாக்டர்கிட்ட போய்த் திரும்பி வரட்டும். எங்க வீட்டு மனுஷன் எந்தக் காகிதம் வந்தாலும் நர்ஸ் கையிலேர்ந்து புடுங்கிப் படிச்சிடுறாரு. நல்லாயிட்டீங்கன்னு இப்பத்தான் சொல்லிட்டு வந்தேன். நான் பக்குவமாச் சொல்லணும். உன் காலில வேணும்னாலும் விழறேன்."

"எனக்கு ஒன்பது ஆயிடுச்சுக்கா."

"நான் சார்கிட்ட பேசுறேன்."

"நீங்க கையெழுத்துப் போட்டுட்டீங்களே" என்றாள் செவிடி. தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்து அந்த இரண்டு வார்த்தையையும் டைப் செய்தாள்.

பாம்புச்செவி எழுந்து வந்து, இத்தனை நாள் மற்றவர்கள் அவளிடம் நின்றதுபோல, நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள். "வார்டுக்கு எப்ப போகும்?"

"போயிடுச்சுக்கா."

பாம்புச்செவி ஓடினாள். ஒரு செருப்பு மேசைக்கடியில் கிடந்தது. லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியிறங்கும் சத்தம் மூன்றாம் மாடி வரை கேட்டது, பிறகு கேட்கவில்லை.

அறிக்கை போகவில்லை. திரையில் அப்படியே இருந்தது. மணி பதினொன்று ஐம்பது. இப்போதும் அந்த இரண்டு வார்த்தையை அழித்துவிட்டு ஒரு கோடு இழுக்கலாம். ஜன்னலோரத்தில் இருந்தவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். வாயைத் திறந்து எதுவும் சொல்லவில்லை, அவருக்கும் இந்த மாதம் ஏழு ஆகியிருந்தது. தான் சந்தோஷமாக இருக்கிறோம் என்பது தெரிந்தபோது செவிடிக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. அந்தப் பயம் அடங்கட்டும் என்று ஒரு நிமிடம் காத்திருந்தாள்.

பிறகு அனுப்பினாள்.