ரெண்டா, பிள்ளையாரா?

கணக்கில் இருநூற்றுக்கு நூற்று எழுபத்தெட்டு. விடைத்தாளின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நூற்று ஐம்பது வந்திருந்தால்கூட அழுது முடித்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன். ரெண்டே ரெண்டு மார்க்கில் மண்ணைக் கவ்வினால் எப்படிப் பொறுப்பது?

விஷயம் இதுதான். எங்கப்பா அய்யாக்கண்ணு எறையூர் ஆலைக்குக் கரும்பு போடுகிறவர். நான் பிளஸ் டூ சேர்ந்ததிலிருந்தே இன்ஜினியரிங், இன்ஜினியரிங் என்று அவர் உயிரை வாங்கிக்கொண்டிருந்தேன். தாங்க முடியாமல் தீபாவளியன்று ஒரு கெடு வைத்தார். "அரையாண்டுப் பரீட்சையில கணக்குல நூத்தியெம்பது வாங்கிக் காட்டு. என்ட்ரன்ஸ் எழுத வுடுறேன். ஒண்ணு கொறஞ்சாலும் டீச்சர் ட்ரெயினிங்தான், சொல்லிட்டேன்." டீச்சர் வேலையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒருமுறை ஆலைக்குள்ளே போய், கரும்பை நசுக்குகிற அந்த உருளைகள் சுற்றுவதைப் பார்த்துவிட்டேன். அன்றிலிருந்து எனக்கு மெக்கானிக்கல்தான். வேறு எதுவும் மண்டையில் ஏறவில்லை.

தாளைப் புரட்டினேன். தொகை நுண்கணிதத்தில் ஒரு பத்து மார்க் கணக்கு. வளைகோட்டுக்குக் கீழே இருக்கும் பரப்பளவைக் கண்டுபிடிக்க வேண்டும். படம் சரி, எல்லை சரி, விடை சரி. பத்துக்கு ஐந்து போட்டு, பக்கத்தில் "2 எங்கிருந்து வந்தது?" என்று எழுதியிருந்தார் பெனடிக்ட் சார். ரெண்டா? நான் எங்கே ரெண்டு போட்டேன்? உற்றுப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். அட ராமா, அது ரெண்டே இல்லை, பிள்ளையார் சுழி!

எனக்குப் பரப்பளவுக் கணக்கு என்றால் உள்ளூரப் பயம். சாதாரணக் கணக்குக்குப் பக்கத்தின் தலையில் ஒரு சுழி போதும். பரப்பளவுக்கு வரிக்கு வரி சுழி போட்டால்தான் கை ஓடும். அவசரத்தில் அதையும் வளைத்து ஒரு இழுப்பு இழுத்தால் பார்க்கிறவர்களுக்கு ரெண்டு மாதிரிதான் இருக்கும். ஒவ்வொரு வரியையும் நான் ரெண்டால் பெருக்கியிருப்பதாகச் சார் நினைத்துவிட்டார்.

ஸ்டாஃப் ரூமுக்கு ஓடினேன். பெனடிக்ட் சாருக்குச் சொந்த ஊர் மாதா கோயில் இருக்கிற வரதராஜன்பேட்டை. அரை மார்க்கைக்கூட அவரிடமிருந்து லேசில் வாங்க முடியாது.

"சார், இது ரெண்டு இல்ல சார். பிள்ளையார்."

சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "எங்க ஊர்ல பரீட்சைப் பேப்பர்ல சிலுவை போடுற புள்ளைங்க உண்டு. தாளுக்கு மேல போடுவாங்க. யாராவது விடைக்கு முன்னாடி போடுவாங்களா? போட்டா அது பிளஸ் ஆயிடும்ல?"

"அவங்க கெட்டிக்காரங்க சார். நான் பயந்தவ."

பக்கத்து மேசையில் இருந்த கெமிஸ்ட்ரி டீச்சர் சாந்தி மேரி சிரித்துவிட்டார். சாருக்கும் உதட்டோரம் லேசாக அசைந்தது. பேனாவை எடுத்தார். ஐந்தை அடித்துப் பத்து ஆக்கினார். முதல் பக்கத்தில் நூற்று எண்பத்து மூன்று. எனக்கு அந்த இடத்திலேயே குதிக்க வேண்டும்போல் இருந்தது.

வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். வந்தேனா? என் வாய் சும்மா இருந்தால்தானே!

"இருந்தாலும் சிவரஞ்சனி, இது சுழிதான்னு நான் எப்படி நம்புறது? நெசமாவே ரெண்டுன்னு போட்டுட்டு இப்ப மாத்திச் சொல்லலாம்ல?" என்று சார் சும்மா சீண்டினார்.

எனக்குச் சுருக்கென்றது. நான் பொய் சொல்கிறேனாமா? "பரப்பளவுக் கணக்கு எல்லாத்துலயும் போட்டிருக்கேன் சார், இந்தா பாருங்க!" என்று நானே தாளைப் பிடுங்கி, நானே புரட்டி, அடுத்த பரப்பளவுக் கணக்கை அவர் மூக்குக்கு நேராக நீட்டினேன். "இதுவும் பிள்ளையார், இதுவும் பிள்ளையார், இதுவும் பிள்ளையார்!"

சார் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இது பரவளையம். மேல் பாதிக்குத்தான் தொகையிட்டிருக்க. கீழ்ப் பாதியும் அதே அளவு. அதனால ரெண்டால பெருக்கணும். பெருக்கியிருக்கன்னு நெனச்சுதான் பத்துக்குப் பத்து போட்டேன். இப்ப நீ இது ரெண்டு இல்லங்கற."

பெருக்க மறந்தே போயிருக்கிறேன். இத்தனை நேரமும் பிள்ளையார் எனக்காக அங்கே ரெண்டாக நின்றிருக்கிறார். நானே போய் அவரைக் காட்டிக் கொடுத்துவிட்டேன்.

"சார், இது மட்டும்..." என்று இழுத்தேன்.

"இது மட்டும் ரெண்டா?" என்றார் சார்.

சாந்தி மேரி டீச்சர் சிரிப்பை அடக்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் குனிந்துகொண்டேன். படத்துக்கும் மற்ற படிகளுக்கும் மார்க் விட்டு, நான்கைக் கழித்தார் சார். நூற்று எழுபத்தொன்பது. "பப்ளிக் எக்ஸாம்ல சுழியை ஒரே ஒரு தடவ போடு, போதும். அவரு கோச்சுக்க மாட்டாரு" என்றார்.

பஸ்ஸில் வீட்டுக்கு வரும்வரை கண்ணீர் நிற்கவில்லை. ஆலையில் கரும்பை இறக்கிவிட்டு அப்பா அப்போதுதான் வந்து கை கால் கழுவிக்கொண்டிருந்தார். அம்மா செங்கமலம் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். தாளை நீட்டி, நடந்ததையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டினேன். பெனடிக்ட் சார் மாதிரியும் நானே பேசிக் காட்டினேன். அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறிவிட்டது. அப்பா சிரிக்கவே இல்லை.

"மொதல்ல எம்பத்திமூணு போட்டுட்டாருல்ல?"

"ஆமாப்பா."

"அப்பறம் அந்த இன்னொரு கணக்க யாரு காட்டச் சொன்னா?"

"யாரும் சொல்லல. நானாத்தான் காட்டினேன்."

"காட்டாம இருந்தா?"

"எம்பத்திமூணுதான்."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "நூத்தியெம்பதுன்னு சொன்னேன். ஒண்ணு கொறையுது" என்றார். அவர் ஒரு சொல் சொன்னால் சொன்னதுதான், ஊருக்கே தெரியும்.

"ஏ செங்கமலம், ஜெயிச்சப்பறமும் இவளுக்கு வாய மூடத் தெரியல பாரு. இவள டீச்சராக்கினா, கிளாஸ்ல எந்தப் புள்ளையாவது ஒரு வார்த்த பேச முடியுமா? பாவம், ஊரு புள்ளைங்கள எதுக்கு நாம வதைக்கணும்? மிஷினுக்குக் காது கேக்காது, அதுங்கதான் இவளுக்குச் சரி."

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள்.

"என்ட்ரன்ஸ் ஃபாரம் எங்க குடுக்கறாங்க?" என்றார்.

பதில் எனக்குத் தெரியும். ரெண்டு மாதமாக மனப்பாடமாகத் தெரியும். வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது.

"இப்பப் பேசேன்டி" என்றார் அப்பா.