சனிக்கிழமை அடக்கம்

கணவனின் விறைத்த பாதத்தில் காலுறையை ஏற்றிக்கொண்டிருந்தபோது வாசலில் கார் வந்து நின்றது. அவள் நிமிரவில்லை. கூடத்தில் எழுந்த முணுமுணுப்பே சொன்னது, கணவனின் அண்ணன் வந்துவிட்டார் என்று.

கிறிஸ்தவ வானொலியில் சனிக்கிழமை மாலைதோறும் பேசுகிறவர் அவர். அரசு தரும் உதவிப்பணம் மனிதனைச் சோம்பேறியாக்கும், ஏழையைத் தாங்க வேண்டியது குடும்பமும் சபையும்தான் என்பார். கூரை வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்த தம்பி, படுத்த படுக்கையிலும் அந்தப் பேச்சைத் தவறவிட்டதில்லை. ஒரு வாரம், "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர்" என்று தொடங்கி, இடுப்புவலியைக் காட்டி அரசாங்கத்தின் மடியில் படுத்திருக்கும் ஓர் ஆளைப் பற்றிச் சொன்னார். பெயர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. தம்பி உதவிப்பணம் வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டார். காசை மிச்சம் பிடிக்க இதய மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் விழுங்கினார். அவள் கணவனின் அண்ணனிடமே உதவி கேட்டுப் போய் நின்றாள். "ஜெபிக்கிறேம்மா" என்று அனுப்பிவைத்தார்.

மாரடைப்பில் கணவன் போனதும், வெள்ளிக்கிழமையே அடக்கம் செய்துவிடலாம் என்றார்கள் உறவினர்கள். சனிக்கிழமை மாலைதான் என்று பிடிவாதமாக நின்றவள் அவள்.

அண்ணன் தலைமாட்டில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். "போதகர் என்னை ரெண்டு வார்த்தை பேசச் சொன்னாரும்மா."

"நீங்கதான் பேசணும் அத்தான்" என்றாள்.

எழுந்துபோய் ரேடியோவைத் திருகினாள். போன வாரமே பதிவு செய்த அவர் குரல் கூடத்தை நிறைத்தது. "சும்மா வர்ற சோறு வயித்துக்கு நல்லதுதான். முதுகெலும்புக்குத்தான் ஆகாது." குரல் தன் வேடிக்கைக்குத் தானே சிரித்தது.

"அதை அணைம்மா" என்றார் அண்ணன்.

"அவர் ஒரு வாரம்கூட விட்டதில்ல. இன்னிக்கும் கேக்கட்டும்."

சத்தத்தைக் கூட்டினாள். "நம்ம வீட்டுல ஒருத்தன் விழுந்தா தூக்க வேண்டியது யாரு? அரசாங்கமா? நாமதானே?"

தலைகள் ஒவ்வொன்றாக அண்ணன் பக்கம் திரும்பின. போதகர் எழப் போனார். கணவனோடு சாரம் ஏறிய கூட்டாளி அவர் தோளைத் தொட்டு, "முழுசும் கேட்டுருவோம் ஐயா" என்றார்.

பேச்சு முடிந்தது. அவள் ரேடியோவை நிறுத்திவிட்டு, ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து அண்ணனிடம் நீட்டினாள்.

"இப்பப் பேசுங்க அத்தான்."

வாங்கிக்கொண்டார். தலைமாட்டிலிருந்து ஓரடி பின்னால் நகர்ந்தார். டம்ளர் சரிந்து தண்ணீர் சிந்தி, பளபளத்த அவருடைய காலணியில் விழுந்து தரையில் ஓடியது. யாரும் குனிந்து துடைக்கவில்லை.