இருவருக்கு நடுவே இருந்த இடம்

அந்த ஆட்டத்தில் எத்தனை புள்ளி வித்தியாசம் என்று கேட்டால் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. தோற்றோம் என்பது மட்டும் நிச்சயம். மற்றதை நான் நின்ற இடத்திலிருந்து பார்த்தபடி சொல்கிறேன். அதிலும் கொஞ்சம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டதாக இருக்கலாம்.

கல்லூரிக் கூடைப்பந்து அணியில் என் இடம் எங்கள் கூடைக்கு அடியில். அந்த ஆண்டு பயிற்சியாளர் எங்களை மண்டலத் தடுப்புக்கு மாற்றியிருந்தார். ஆள் பின்னால் ஓடக்கூடாது. அவரவர் இடத்தைக் காக்க வேண்டும். முன்னால் இரண்டு பேர், பின்னால் மூன்று பேர். முன்னால் நின்றவர்கள் அண்ணன் தம்பி. கூடப் பிறந்தவர்களுக்குச் சொல்லாமலே புரியும் என்று நினைத்து அவர்தான் அப்படி நிறுத்தினார்.

புரியத்தான் செய்தது. ஒரே மேசையில் படித்து வளர்ந்தவர்கள். ஒருவன் கையை நீட்டினால் மற்றவன் பேனாவை வைப்பான்.

அன்று ஒரு தொழிற்சாலை அணிக்கு ஆள் எடுப்பவர் பார்க்க வந்திருந்தார். எடுத்தால் வேலையும் உண்டு. அண்ணனுக்கு அது கடைசி ஆண்டு. அந்த வேலைக்காக அவன் எவ்வளவு ஏங்கினான் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

எதிரணி ஓட்டையைச் சீக்கிரமே கண்டுகொண்டது. இருவருக்கும் நடுவே ஒருவன் வந்து பந்தை வாங்குவான். தம்பி பார்த்துக்கொள்வான் என்று அண்ணன் நிற்பான். அண்ணன் பார்த்துக்கொள்வான் என்று தம்பி நிற்பான். அடுத்த முறை இருவரும் சேர்ந்து பாய்வார்கள், ஓரம் காலியாகும். கூடைக்கு அடியில் நான் மட்டும் திருவிழாவில் தொலைந்தவன்போல் விழித்துக்கொண்டிருப்பேன்.

பயிற்சியாளர் ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி எங்களை அழைத்தார்.

“வாய்க்குப் பூட்டா போட்டிருக்கீங்க? ஒரு சத்தம் குடுத்தா என்னடா?”

“அண்ணன் என்ன பண்ணுவான்னு எனக்குத் தெரியும் சார்,” என்றான் தம்பி.

“இவன் பண்றதும் எனக்குத் தெரியும் சார்.”

“தெரிஞ்சு கிழிச்சீங்க!”

பெஞ்சிலிருந்து ரேடியோ எழுந்தான். ஓயாமல் பேசுவதால் வந்த பெயர். “நான் போகவா சார்?”

“உன் கையில பந்து நின்னாலே அதிசயம்டா.”

“பிடிக்க வேணாம் சார், கத்துனாப் போதும்ல?”

பயிற்சியாளர் யோசித்தார். பிறகு சகோதரர்களைப் பார்த்து, “ரெண்டு பேர்ல ஒருத்தன் உக்காருங்க,” என்றார்.

இருவரும் ஒரே சமயத்தில் போய் உட்கார்ந்தார்கள்.

தம்பி விட்டுக்கொடுத்தது புரிகிறது. அண்ணன் ஏன் உட்கார்ந்தான் என்றுதான் இன்றும் யோசிக்கிறேன். தம்பி உட்கார்ந்துவிடுவான் என்று தெரிந்ததாலேயே முந்திக்கொண்டானோ என்னவோ.

“இதுலயும் அதேதானா?” பயிற்சியாளர் அண்ணனின் தோளைப் பிடித்துத் தூக்கிவிட்டார். “நீ போ.”

ரேடியோ உள்ளே வந்ததும் தொண்டை கிழியக் கத்தினான். “வர்றான், வர்றான்! உன் பக்கம்! விடு, அது என்னோடது!” அண்ணனும் மெல்லப் பதில் குரல் கொடுக்கத் தொடங்கினான். நடுவிலிருந்த இடம் அடைபட்டது. ஆனால் அதற்குள் எதிரணி எட்டாத தூரம் போயிருந்தது.

ஆட்டம் முடிந்ததும் ஆள் எடுப்பவர் இறங்கி வந்தார். அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றான். அவர் அவனைக் கடந்து போய், “அந்தக் கத்துன பையன் எங்கே?” என்று கேட்டார்.

ரேடியோ அந்தத் தொழிற்சாலையில் சேர்ந்தான், இப்போது மேற்பார்வையாளன். அண்ணன் வேறொரு ஊரில் மருந்து விற்பனைக்குப் போனான். தம்பி அடுத்த ஆண்டு அணியில் சேரவில்லை. இப்போது பள்ளியில் கணக்கு ஆசிரியர். பயிற்சியாளர் இறந்துவிட்டார். எனக்கு முழங்கால் போய்விட்டது.