நிலமில்லாதவர் கைச் சாவி

ஏரியின் மதகறை வாசலில் அன்று காலை இருந்தவர்கள்: மதகை ஒட்டிய தலைமடைக்காரர்களுக்காகத் துரைராசு. வாய்க்கால் கோடியிலிருக்கும் கடைமடைக்காக ஞானாம்பாள். நிலத்தை விற்றுவிட்டு வேடிக்கை பார்க்க வந்த பஞ்சநதம். சாவியோடு கமருன்னிஸா. வரப்பில் நின்ற நாலைந்து பேரைச் சேர்க்க வேண்டாம். அவர்கள் ஆமாம் போட வந்தவர்கள்.

ஏரியை எந்த ராசா வெட்டினான் என்று ஊரில் எவனுக்கும் தெரியாது. மராட்டியர் காலத்தில் கரையை உயர்த்தினார்களாம். வெள்ளைக்காரன் காலத்தில் மதகுக்கு இரும்புத் திருகு வந்தது. வாய்க்கால் கொடுப்பதையும் ஐப்பசி மழை கொடுப்பதையும் வாங்கி வைத்துக்கொண்டு அது மூன்று ஊருக்குச் சோறு போடுகிறது. ராசாக்கள் போனார்கள், மிராசுதார்கள் போனார்கள், இப்போது பிள்ளைகள் சவூதிக்கும் சிங்கப்பூருக்கும் போகிறார்கள். ஏரி யாரையும் வழியனுப்பவில்லை. நிறைவதும் வடிவதுமாகத் தன் வேலையைப் பார்க்கிறது.

அதைவிடக் கெட்டிக்காரத்தனம் சாவியில் இருந்தது. திருகைச் சுற்றி அறை கட்டிப் பூட்டியவர்கள், ஏரிப் பாசனத்தில் ஒரு குழி நிலம்கூட இல்லாதவரிடம்தான் சாவி இருக்க வேண்டும் என்று வைத்தார்கள். தண்ணீர் தேவைப்படுகிறவன் கையில் சாவி இருந்தால் அது ஊர் மதகல்ல, அவன் வீட்டுக் குழாய். அப்படித்தான் மளிகைக்கடை அல்லா பிச்சையிடம் சாவி வந்தது. அவர் மௌத்தானபோது மகன் சைபுல்லா சவூதியில், தம்மாமில் இருந்தான். சாவி மருமகள் கமருன்னிஸாவிடம் நின்றது. கடைமடைக்கு முதல் தண்ணீர், தலைமடைக்குக் கடைசி. இந்த முறையை அவள் ஒரு வருஷமும் மாற்றவில்லை. துரைராசு ஏசாத ஏச்சில்லை. திருகைச் சுற்றி முடித்துவிட்டுத்தான் அவருக்குப் பதில் சொல்வாள்.

இந்த ஆவணியில் சைபுல்லா ஒரு காரியம் செய்தான். மகனைச் சிங்கப்பூர் அனுப்பப் பஞ்சநதம் விற்ற நிலத்தை, போனிலேயே பேசி, பயிரோடு மனைவி பேரில் வாங்கிவிட்டான். மதகுக்கு நேர் கீழே, தலைமடையிலும் தலைமடை. அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தான். சாவி வழக்கம் அவன் ஞாபகத்துக்கே வரவில்லை.

இப்போது மார்கழி. வாய்க்காலுக்குத் தண்ணீர் தரும் ஆறு நின்றுவிட்டது, கதிர் பால் பிடிக்கும் நேரம். ஏரியில் கிடப்பதுதான் மிச்சம்.

"சாவியைக் குடுத்துடு கமரு," என்றாள் ஞானாம்பாள். "உன்மேல குத்தம் சொல்லல. ஆனா இப்ப உனக்கும் பயிர் நிக்குதுல்ல."

"இத்தன வருஷத்துல ஒருநாள் மாத்தி விட்டிருக்கேனாக்கா?"

கொடுக்க அவளுக்கு மனமில்லை. சாவி இல்லாவிட்டால் அவள் பாய் வீட்டம்மா, அவ்வளவுதான். சாவி இடுப்பில் இருந்தால் மூன்று ஊர் ஆண்களும் அவள் சொல்லுக்குக் காத்து நிற்பார்கள்.

துரைராசு துண்டை உதறித் தோளில் போட்டார். "பாய் வீட்டம்மாகிட்டயே இருக்கட்டும். நியாயமான பொம்பள. இப்ப நம்மள்ல ஒருத்தராவும் ஆயிட்டாங்க."

அங்கேதான் அவளுக்கு உறைத்தது. ஏசிய வாய் புகழ்கிறது. விடியற்காலை தன் வயலில் நின்று, முதலில் இதற்குக் கொஞ்சம் விட்டால் என்ன என்று அவளும் நினைத்திருந்தாள். அதை எட்டிப் பார்த்தவர்போல அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"பஞ்சநதம் அண்ணே," என்றாள். "ஏரிக்குக் கீழ உங்களுக்கு ஏதாச்சும் இருக்கா?"

"வாய்க்கால்ல நாலு கெண்ட இருக்கும். ஏம்மா?"

"அப்ப சாவி உங்களுக்குத்தான்."

"வித்துட்டு நிக்கிறவன கேலி பண்றியா?"

"விக்காம இருந்தா குடுப்பனா?"

ஞானாம்பாள் சிரித்துவிட்டாள். துரைராசுக்கு முகம் மாறியது. "இவன் போன வருஷம் எங்களோட சேந்து கத்துனவம்மா!"

"கத்துனது அவரு இல்லண்ணே, அவரு நெலம். அது இப்ப எங்கிட்ட இருக்கு."

வரப்பில் நின்றவர்கள் இதற்கும் ஆமாம் போட்டார்கள்.

அவள் உள்ளே போய்த் திருகைச் சுற்றினாள். பஞ்சநதம் பின்னாலேயே போய்ப் பார்த்துக்கொண்டு நின்றார். தண்ணீர் இரைந்து இறங்கி, மண்ணால் அடைத்திருந்த அவள் வயலின் மடையை உரசிக்கொண்டு கடைமடைக்கு ஓடியது. சாவியை எடுத்து அவர் கையில் வைத்தாள். வைத்த பிறகும் திருகை விட்டு நகரவில்லை.

"வெளிய போம்மா," என்றார் பஞ்சநதம். "நெலத்துக்காரங்க உள்ள நிக்கக் கூடாது."

அவள் படியிறங்கினாள். அவர் கதவைச் சாத்திப் பூட்டினார்.