வலது கையில் ஒரு வாத்து

ஐம்பது அடி எடுத்து வைத்தால் போதும், கெண்டைக்கால் கவ்விப் பிடித்துக்கொள்ளும். கிடங்கில் மூட்டை இறக்குகிறவன் வலிக்கிறது என்று நின்றால் சிரிப்பார்கள். சிகரெட் பற்றவைக்க நின்றால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அதனால் வலிக்கும்போதெல்லாம் ஒன்று பற்றவைத்தேன். ஒரு வருடம் இப்படி வலியை மறைத்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் புகையால் அதை வளர்த்திருக்கிறேன்.

டாக்டரம்மா காலைப் பார்த்துவிட்டு, கழுத்தில் பசையைத் தடவி ஸ்கேன் கருவியை உருட்டினார்.

"கால் வலின்னு வந்தா கழுத்தப் பிடிக்கிறீங்களே?" என்றாள் என் மனைவி.

"நாப்பத்திநாலு வயசுலயே கால் ரத்தக் குழாய் அடைச்சிருந்தா, கழுத்தையும் பாத்துடணும்மா. ஏண்ணே, எப்பவாச்சும் ஒரு கண்ணு மட்டும் இருட்டிக்கிட்டு வந்துச்சா?"

வந்தது. போன மாதம், இடது கண்ணில் திரை இறங்கினாற்போல இரண்டு நிமிடம். சிமெண்ட் தூசி என்று கழுவிவிட்டு அடுத்த மூட்டையைத் தூக்கினேன்.

கழுத்தின் இடது பக்க ரத்தக் குழாயில் முக்கால்வாசிக்கு மேல் அடைப்பு. விட்டால் பேச்சும் வலது கையும் போய்விடலாம் என்றார். பேச்சு போனால் வீட்டில் பாதிச் சண்டை குறையும். ஆனால் அந்தக் கை, முப்பத்தொன்பது வயதில் மகளின் பழைய நோட்டில் எழுத்துப் பழகிய கை. மூட்டையை எந்தக் கையாலும் இழுக்கலாம். எழுத்து இது ஒன்றுக்குத்தான் வந்திருக்கிறது.

ஆபரேஷனுக்கான சம்மதத் தாளோடு, கைநாட்டுக்கு மைப்பெட்டியையும் நீட்டினார் நர்ஸ்.

"அத உள்ள வைங்க. அவரு படிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போடுவாரு," என்றாள் மனைவி, நிமிர்ந்து உட்கார்ந்து. நாலு பக்கம். விரல் வைத்துப் படிக்க முக்கால் மணி நேரம் ஆனது. யாரும் அவசரப்படுத்தவில்லை; அவள் விடவில்லை.

கழுத்தை மட்டும் மரத்துப்போக வைத்து, விழித்திருக்கும்போதே அறுத்தார்கள். வலது கையில் ஒரு ரப்பர் வாத்து. குழாயை இடுக்கியால் அடைத்திருக்கும் நேரத்தில் மூளை விழித்திருக்கிறதா என்று பார்க்க, சொல்லும்போதெல்லாம் நான் அதை அமுக்க வேண்டும்.

"நூறு கிலோ தூக்குனவனுக்குப் பொம்மையா?"

"அது கத்தலைன்னா நாங்க கத்துவோம்ணே," என்றார் டாக்டரம்மா. கொஞ்ச நேரம் கழித்து, "அடைச்சாச்சு. அமுக்குங்க."

அமுக்கினேன். சத்தமில்லை. இன்னும் அமுக்கினேன். இல்லை. துணிக்கு அடியில் என் கை இருக்கிறதா என்றே தெரியவில்லை. அறையில் எல்லோரும் அசையாமல் நின்றார்கள்.

"அண்ணே?" டாக்டரம்மாவின் குரலில் சிரிப்பு இல்லை.

நர்ஸ் துணியை விலக்கிப் பார்த்தார். "ஐயோ, மூட்டையப் பிடிக்கிற மாதிரி மொதல்லயே நசுக்கி வச்சிருக்காரு. அதுல காத்தே இல்ல. விடுங்கண்ணே, பிடிய விடுங்க!"

பிடித்ததை நடுவழியில் விட்டுப் பழக்கமில்லை. ஒவ்வொரு விரலாக விட்டேன். வாத்து மூச்சை இழுத்தது. அமுக்கினேன்.

கீச்.

"போதும்ணே, கேட்டுடுச்சு," என்றார் டாக்டரம்மா.

கதவுக்கு வெளியே என் மனைவி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் கேட்கட்டும் என்று இன்னொரு தரம் அமுக்கினேன்.