தியான்ஜினில் தோமோரி சொல்ல வேண்டிய பதில்

1
கோபத்தில் தொடங்கிய கதை இது. வசந்த காலத்தில் எங்கள் குடும்பக் கல்லறை முன்னால் பாய் விரித்து எல்லோரும் சாப்பிடுவோம். போன வருஷம் சித்தப்பா பன்றிக்கறியை மென்றுகொண்டே, "இதுக்குள்ள நம்ம முப்பாட்டன் தோமோரி மட்டும் கெடையாது. சீனாவுக்கு ஓடுன ஆளு" என்றார்.

ஓடவில்லை, உதவி கேட்கப் போனார். எழுதிக் காட்டுகிறேன் என்று வாயை விட்டேன்.

2
1879. எங்கள் ரியூக்யூ தீவு அரசை ஜப்பான் விழுங்கிவிட்டது. மன்னரை டோக்கியோவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கொந்தளிக்கும் கடலில் புயல் சீறிப் பாய (இந்த வரியை அடித்துவிட்டேன். அன்று புயல் வந்ததா என்று எனக்கென்ன தெரியும்?)

தோமோரி பிரபு கொண்டையை அவிழ்த்து, முன்தலையை மழித்து, சீன வியாபாரி போலச் சடை பின்னிக்கொண்டு தியான்ஜின் போய்ச் சேர்ந்தார். கூடவே மொழிபெயர்ப்பாளர் சாய். ஆளுநர் மாளிகை வாசலில் மூன்று நாள் மண்டியிட்டார்கள்.

[வீரராக எழுத ஆசைதான். என் தோமோரியோ முழங்கால் வலிக்கிறது என்று முனகுகிறார். முனகட்டும்.]

3
நான்காம் நாள் காலை எழுத்தர் ஃபாங் உள்ளே கூப்பிட்டார்.

"வேஷம் பிரமாதம். எங்க ஊர் மீன்காரனே தோத்துடுவான். தாடியாவது உம்மோடதா?"

சாய் கெஞ்சினார்: "நாடே போச்சுங்க. நீங்க படை அனுப்பலைன்னா எங்களுக்கு வேற நாதியில்ல."

"மனுவ மேல அனுப்புறேன். ஒண்ணு மட்டும் சொல்லும். ஜப்பான்காரன் இப்பத்தான் வந்தானா, முன்னாடியே அங்க உண்டா?"

4
வாசகரே, இதற்குள் ஒரு வெட்கக்கேடு இருக்கிறது. இருநூற்று எழுபது ஆண்டுகளாக ஜப்பானின் சத்சுமாக்காரர்கள் எங்கள் கழுத்தில் உட்கார்ந்திருந்தார்கள். தெரிந்தால் சீனா வியாபாரத்தை நிறுத்திவிடும். அதனால் சீனத் தூதர் வரும்போதெல்லாம் அந்த ஜப்பான்காரர்களைப் பக்கத்து ஊரில் ஒளித்துவைப்போம். அவர்களில் யாராவது தூதர் கண்ணில் பட்டால் சொல்ல ஒரு பதிலும் உண்டு. தோமோரிக்குத் தெரிந்த ஒரே சீன வாக்கியம் அதுதான். சின்ன வயதிலேயே மனப்பாடம்.

சாய் வாயைத் திறப்பதற்குள் அவர் சீனத்திலேயே சொல்லிவிட்டார்: "ஜப்பான்காரங்க யாரும் இல்லீங்க. பக்கத்து தகரா தீவு வியாபாரிங்க மட்டும் வருவாங்க."

"ஐயா!" சாய் பல்லைக் கடித்தார். "இப்ப அவன ஒளிக்கவா வந்தோம்? அவன்மேல புகார் குடுக்க வந்திருக்கோம்!"

ஃபாங் சிரிக்கவில்லை. ஒரு தாளை எடுத்து வைத்தார்.

"ஜப்பான் தூதர் குடுத்தது. அவங்களுக்கு அடங்கி இருப்போம்னு உங்க அந்தக் காலத்து ராஜா ஒருத்தர் எழுதிக் குடுத்த சத்தியமாம். நெசமா, கள்ளமா? நீர் சொல்றத அப்படியே எழுதிக்கிறேன்."

5
முடிவு அ: "கள்ளம்" என்று பொய் சொல்கிறார். மனு மேலே போகும். ஜப்பான் இன்னும் பத்துத் தாள் காட்டினால்...

முடிவு ஆ: "நெசம்" என்கிறார். "இத்தனை காலம் எங்களையே ஏமாத்துனவங்களுக்காக எங்க பசங்க சாகணுமா?" என்று ஃபாங் கேட்பார். (நானும் அதையேதான் கேட்பேன்.)

படை வரவில்லை என்பது எனக்குத் தெரியும். அந்த அறையில் யாருக்கும் தெரியாது. ஃபாங் தூரிகையை மையில் தோய்த்துவிட்டார். தோமோரி என்னைப் பார்க்கிறார். பொய் சொல்லிப் பழகிய வம்சம் என்னுடையது. நான் எதை எழுதினாலும் அது அவரைக் காப்பாற்ற எழுதியதாகிவிடும்.

சாய் உங்களைப் பார்த்துக் காத்திருக்கிறார். நீங்கள் சொல்லுங்கள், அவர் மொழிபெயர்ப்பார்.