சாட்சிக் கையெழுத்து

அந்தப் பெண் குழந்தையோடு வந்து வரவேற்பறையில் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார்கள். கையுறையைக் கழற்றிவிட்டு, முதலில் அவளுடைய பழைய படிவத்தை எடுத்து இன்னொரு முறை பார்த்தேன்.

குழந்தை இல்லாதவர்களுக்காகக் கருவை வளர்த்துக் கொடுக்கும் ஆய்வகம் எங்களுடையது. தட்டிலிருந்து கருவை எடுக்கும்போது இருவர் நிற்க வேண்டும். ஒருவர் தட்டின் மேலுள்ள பெயரை உரக்கப் படிப்பார். இன்னொருவர் தட்டையும் படிவத்தையும் ஒத்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். அந்த இன்னொருவர் நான். பிரமாதமான வேலை ஒன்றுமில்லை. பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

போன வருஷம் ஒரு நாள், இவளுக்கும் இன்னொருத்திக்கும் கரு வைக்க வேண்டியிருந்தது. என் மகளுக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து போன் வரவே வெளியே போய்விட்டேன். திரும்பி வந்தால் இரண்டு தட்டுமே காலி. "முடிச்சிட்டேம்மா, கையெழுத்த மட்டும் போட்டுடு" என்றார் பெயர் படிக்கும் சீனியர். பதினெட்டு வருஷமாக ஒரு தப்பு செய்யாத மனிதர். போட்டேன்.

ஒரு மாதம் கழித்து, மனசு கேட்காமல் அவரிடமே கேட்டேன். "அன்னிக்குப் பேரப் படிச்சீங்களாண்ணே?"

"நீ இல்லாம யாருக்குப் படிக்கிறது?" என்று சிரித்தார்.

படிவத்தில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. தட்டு மாறியிருந்தாலும் படிவம் இப்படியேதான் இருக்கும். இவளுக்குக் கரு தங்கியது. மற்றவளுக்குத் தங்கவில்லை. அழுதுகொண்டே படியிறங்கிப் போனவள் பிறகு வரவேயில்லை.

என்னைக் கண்டதும் இவள் எழுந்து வந்தாள். "யாரு ஜாடைன்னு வீட்ல தினம் ஒரு பஞ்சாயத்துக்கா. அவங்க அம்மா அவங்க பக்கம்ங்கறாங்க, எங்கம்மா விடமாட்டேங்கறாங்க. எங்க எல்லாருக்கும் முன்னாடி இவள பாத்தவங்க நீங்கதானே? நல்லா பாத்துச் சொல்லுங்க."

ஒரு சொட்டு எச்சில் போதும், யார் குழந்தை என்று பரிசோதனையில் தெரிந்துவிடும். சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அவள் குழந்தையின் நழுவிய காலுறையை இழுத்துவிட்டு, என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்படியே உங்கள உரிச்சு வச்சிருக்கும்மா" என்றேன், அவள் கைப்பையின் கொக்கியைப் பார்த்தபடி.

அவள் பூரித்துப்போய் வீட்டுக்குப் போன் போடத் தொடங்கினாள். தோளில் கிடந்த குழந்தை தலையை நிமிர்த்தி, கண்கொட்டாமல் என்னைப் பார்த்தது.